சின்ன பிசி கேஸுக்கு இன்னொரு ஃபேன் மருந்தில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க டெக் பக்கத்துல சின்ன கேமிங் பிசி பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். போர்டு, கேஸ் செலக்ஷன் எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா சூடு வந்தா இன்னொரு ஃபேன் மாட்டுங்க, சத்தம் வந்தா லிக்விட் கூலருக்கு, அதாவது தண்ணிய சுத்த விட்டு சூட்ட எடுக்கறதுக்கு மாறுங்கன்னு ரெண்டே வரில முடிச்சுட்டாங்க பாருங்க, அங்கதான் எனக்கு உறுத்துச்சு, ஏன்னா இதே புத்திமதிய கேட்டு ஆறு மாசம் அவஸ்தைப்பட்டவன் நான்.

என்னோடது 11 லிட்டர் கேஸ், மினி ஐடிஎக்ஸ் போர்டு, அதாவது 17 சென்டிமீட்டர் சதுரம். கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு 300 வாட் இழுக்கும், ப்ராசஸர் மத்ததெல்லாம் சேர்ந்து ஒரு 100. இந்த 400 வாட்டும் கடைசில சூடாத்தான் வெளிய வந்தாகணும், வேற போக்கிடம் இல்ல. செருப்பு டப்பா சைஸ்ல ஒரு ஹீட்டர். லிக்விட் கூலர் போட்டாலும் வாட் குறையப்போறதில்ல, தண்ணி சூடாக நேரம் எடுக்கும்கிறதால முதல் பத்து நிமிஷம் ஆஹான்னு இருக்கும், அப்புறம் ரேடியேட்டர் ஃபேன் ஆரம்பிச்சுரும், கூட பம்ப்போட ரீங்காரம் வேற.

ஃபேன் விஷயத்துல ஒரு கணக்கு இருக்குங்க. வேகத்த ரெண்டு மடங்கு ஆக்கினா காத்து ரெண்டு மடங்குதான் வரும், ஆனா சத்தம் சுமாரா 15 டெசிபல் ஏறிடும், 10 டெசிபல் ஏறினாலே காதுக்கு ரெண்டு மடங்கு மாதிரி கேக்கும். அதனால நான் காத்த கூட்டுறத விட்டுட்டு வாட்ட குறைக்க ஆரம்பிச்சேன். கார்டோட பவர் லிமிட்ட 75 சதவீதத்துக்கு இறக்கினேன், 300 வாட் 225 ஆச்சு, நான் ஆடுற கேம்ல செகண்டுக்கு 100 ஃப்ரேம் வந்த இடத்துல 95 வருது, அந்த அஞ்சு ஃப்ரேம் எங்க போச்சுன்னு எனக்கு சத்தியமா தெரியல. கூடவே ஃப்ரேம் லிமிட்டும் போட்டுட்டேன். மெனு ஸ்க்ரீன்ல சும்மா நிக்கும்போது நூத்துக்கணக்குல ஃப்ரேம் ஓடி கார்டு கீ...ன்னு கத்திட்டு இருந்தது, அது காயில் வைன், அதாவது கார்டுல இருக்கற காயில் அதிர்ந்து வர்ற சத்தம், ஃபேன் மாத்தியெல்லாம் போகாது.

ப்ராசஸர் ரைசன் 7 7700எக்ஸ். 142 வாட் வரைக்கும் போற சிப், பயாஸ்ல, அதாவது போர்டோட அடிப்படை செட்டிங்ஸ்ல, ஈகோ மோட்னு மின்சிக்கன செட்டிங் ஒண்ணு இருக்கு, அத 65 வாட்ல வச்சா, பேருதான் 65, நிஜத்துல 88 வாட்ல நின்னுக்கும். லோடு ஏறினா 95 டிகிரி காட்டுதேன்னு பயந்து சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட்ட ரெண்டு தடவ மாத்தினவன் நான், அப்புறம்தான் தெரிஞ்சுது அந்த சிப்ப 95 வரைக்கும் போலாம்னே டிசைன் பண்ணியிருக்காங்கன்னு. ரெண்டு ட்யூப் பேஸ்ட் தண்டம்.

அதவிட முக்கியம், சூடு எங்க மாட்டிக்குதுன்னு கண்டுபிடிக்கறது. சைட் பேனல கழட்டி வச்சுட்டு அதே கேம இருபது நிமிஷம் ஓட்டுங்க. டெம்பரேச்சர் பத்து டிகிரி விழுந்தா கேஸ்ல காத்தோட்டம் அடைபடுது, ரெண்டு மூணுதான் விழுந்துச்சுன்னா கூலரையோ வாட்டையோ பாருங்க. எனக்கு ப்ராசஸர் பக்கம் பதினொண்ணு விழுந்துச்சு. கூலர் ஃபேனுக்கும் ஓட்டை போட்ட பேனலுக்கும் நடுவுல ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி, வெளிக்காத்த இழுக்க வேண்டிய ஃபேன், அது ஊதின சூட்டயே திரும்ப இழுத்துட்டு இருந்திருக்கு, நான் பாட்டுக்கு வேகத்த ஏத்திட்டே இருந்திருக்கேன். பார்சல்ல வந்த ஃபோம் ஷீட்ட வளையமா வெட்டி அந்த இடைவெளிய மூடினேன், எட்டு டிகிரி குறைஞ்சுது, ஒரு கத்தரிக்கோல் வேலைங்க. ஆனா ஃபேன் பேனல ஒட்டினாப்ல இருந்தாலும் காத்து கிழிபட்டு உறுமும், எங்க வீட்ல அப்படி ஒரு சத்தம் கேட்டுத்தான் பக்கத்து ரூம்லேர்ந்து என்னடா அதுன்னு குரல் வந்துச்சு, ஒரு அஞ்சு மில்லிமீட்டர் தள்ளினதும் அடங்கிடுச்சு.

இன்னொண்ணு, ஒரே சீரா ஓடுற ஃபேன காது மறந்துரும், ஏறி ஏறி இறங்குறததான் தாங்க முடியாது. ப்ரௌசர் திறந்தா ஒரு செகண்டு சூடு குதிக்கும், உடனே ஃபேனும் குதிக்கும். பயாஸ்ல ஃபேன் டிலேன்னு ஒண்ணு இருக்கும், அத சில செகண்டு வச்சா போதும்.

கட்டுரைல லிக்விட் கூலர எப்படி வேணா மாட்டலாம்னு இருக்கு, அது தப்பு, தயவுசெஞ்சு திருத்தம் போடுங்க. தண்ணி சுத்துற லூப்ல பம்ப் உச்சில இருந்தா உள்ள இருக்கற காத்தெல்லாம் அங்க போய் சேரும், களகளன்னு சத்தம் வரும், பம்ப் ஆயுசும் குறையும். ரேடியேட்டரோட ஒரு பகுதியாவது பம்ப்புக்கு மேல இருக்கணும்.

அப்புறம் உங்க ரிவ்யூக்கள்ல 75 டிகிரின்னு ஒத்த நம்பர் மட்டும் போடுறீங்க. ரூம் 24 டிகிரியா 34 டிகிரியா, அப்ப ஃபேன் நிமிஷத்துக்கு 900 சுத்துல ஓடுச்சா 2000த்துலயான்னு சேத்து போட்டாத்தான் வாங்குறவன் அத வச்சு எதாவது முடிவெடுக்க முடியும், அடுத்த ரிவ்யூலேர்ந்தாவது போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்