திரும்பிப் போகும் அம்பு எங்கே?

உயிரியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

போன வருடம் என் அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டிஎஸ்எச் என்ற வரிக்கு எதிரே 9.8 என்று தடித்த எழுத்தில் இருந்தது. 4-க்குள் இருக்க வேண்டியது. "தைராய்டு கூடிப்போச்சு" என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். ஏற்கெனவே கூடிக்கிடக்கும்போது மாத்திரை வேறு எதற்கு? தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்த தைராக்சின் (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) மாத்திரையை, யாரிடமும் சொல்லாமல், பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் முகம் ஊதியது, குரல் கரகரத்தது, மற்றவர்களுக்குப் புழுக்கமாக இருக்கும்போதும் அவர் போர்வையைத் தேடினார். மறுபடி சோதித்தபோது அந்த எண் 30-ஐத் தாண்டியிருந்தது.

அம்மா படிக்காதவர் இல்லை. பள்ளியில் உயிரியல் படித்தவர். நாளமில்லாச் சுரப்பிகளின் அட்டவணையை இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாக ஒப்பிப்பார்: சுரப்பியின் பெயர், இருக்கும் இடம், சுரக்கும் ஹார்மோன், குறைந்தால் வரும் நோய். நானும் அதையேதான் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். எங்கள் இருவருக்கும் அந்த அட்டவணையால் 9.8-ஐப் படிக்கத் தெரியவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

டிஎஸ்எச் தைராய்டு சுரக்கும் பொருளே இல்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, கழுத்தில் இருக்கும் தைராய்டைக் கூப்பிடும் குரல் அது. கூப்பிட்டதும் பதில் வந்தால் மெதுவாகப் பேசுவோம். பதில் வராவிட்டால் சத்தம் போடுவோம். தைராய்டு சோர்ந்துபோய்த் தைராக்சின் குறையும்போது பிட்யூட்டரி சத்தம் போடுகிறது. அப்போது டிஎஸ்எச் ஏறுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்த எண் கூடினால் தைராய்டு குறைந்திருக்கிறது என்றுதான் பொருள்.

பிட்யூட்டரியும் தானாகக் கூப்பிடுவதில்லை. அதற்கு மேலே இருக்கும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸ் அதைத் தூண்டுகிறது. அப்படியிருக்க 'தலைமைச் சுரப்பி' என்ற பட்டத்தைப் பிட்யூட்டரிக்கு இன்னும் ஏன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை. சரி, அதுகூடப் போகட்டும். தைராக்சின் போதுமான அளவுக்கு வந்ததும் அதே தைராக்சின் மேலே போய்ப் பிட்யூட்டரியையும் ஹைபோதலாமஸையும் அடக்குகிறது. கீழிருந்து மேலே திரும்பிப் போகும் இந்த அம்புதான் பாடத்தின் உயிர். பின்னூட்டம் என்ற பெயரில் அதற்கு அத்தியாயத்தின் கடைசியில் ஒரு பத்தி கிடைக்கிறது. தேர்வுக்கு வராது என்று பிள்ளைகள் அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

அந்த அம்பு தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பல வாரம் ஸ்டீராய்டு மாத்திரை போடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது; அந்த மருந்து உடலில் கார்ட்டிசோலின் வேலையைச் செய்கிறது. 'போதுமான அளவு இருக்கிறது' என்று மேலே தகவல் போகிறது. பிட்யூட்டரி அட்ரினலைக் கூப்பிடுவதை நிறுத்துகிறது. கூப்பிட ஆளில்லாத அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதி சுருங்கிவிடுகிறது. நோய் குணமாகிவிட்டது என்று ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினால், மருந்தும் இல்லை, சொந்தக் கார்ட்டிசோலும் இல்லை. ரத்த அழுத்தம் சரியும், வாந்தி வரும், ஆள் மயங்கி விழலாம். மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, அட்ரினல் மறுபடி விழித்துக்கொள்ள அவகாசம் கொடுக்கத்தான்.

அப்புறம், நேரம். ரத்தத்தில் இன்சுலின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து நிமிடம் போதும். தைராக்சின் பாதியாக ஒரு வாரம் ஆகும். அம்மா மாத்திரையை உடைத்த முதல் சில நாட்களில் ஒன்றும் தெரியவில்லை. "பாரு, நல்லாத்தானே இருக்கேன்" என்ற தைரியம் அவருக்கு அங்கிருந்துதான் வந்தது. மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்துச் சோதிக்கச் சொல்வதும் இதனால்தான். உங்கள் அட்டவணையில் நேரத்துக்கு ஒரு பத்திகூட இல்லை.

பாடத்தை எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் அறிஞர்கள் செய்த சோதனையைச் சொல்வேன். உணவோடு அமிலம் சிறுகுடலுக்குள் வந்ததும் கணையம் நீரைச் சுரக்கிறது. தகவல் நரம்பு வழியாகப் போகிறது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அவர்கள் மயக்கத்தில் இருந்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டு, அதற்குள் அமிலத்தை விட்டார்கள். கணையம் அப்போதும் சுரந்தது. பிறகு குடலின் உட்சுவரைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி, ரத்தத்தில் செலுத்தினார்கள். மறுபடியும் சுரந்தது! தகவல் ரத்தத்தில் போயிருக்கிறது. அந்தப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905-இல் பயன்படுத்தினார். 'கிளர்ந்தெழச் செய்வது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ரத்தம் எல்லா இடத்துக்கும் போகிறதே, கணையம் மட்டும் ஏன் பதில் சொன்னது என்று ஒரு பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும். அங்கே ஏற்பிகளைச் சொல்லிக்கொடுங்கள். எந்தச் செல்லிடம் அந்த ஹார்மோனுக்கான ஏற்பி இருக்கிறதோ, அதற்குத்தான் அந்தச் சேதி கேட்கும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. ஹார்மோன் என்ற சொல்லுக்கே வழிவகுத்த செக்ரெட்டினைச் சுரந்த சிறுகுடல் பல அட்டவணைகளில் இல்லவே இல்லை. சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் சுரந்து எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு செய்யச் சொல்கிறது. இதயமும் ஹார்மோன் சுரக்கிறது. கொழுப்புச் செல்கள் லெப்டின் சுரப்பது 1994-இலேயே தெரிந்துவிட்டது.

அம்மாவுக்கு அதே பரிசோதனைத் தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். மேலே ஹைபோதலாமஸ், நடுவில் பிட்யூட்டரி, கீழே தைராய்டு, கடைசியில் திரும்பிப் போகும் அம்பு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. விரலால் அந்த அம்பைத் தடவிக்கொண்டே, "அப்போ மேல இருக்கறது கத்திக்கிட்டு இருந்திருக்கு, நான் மாத்திரையைக் குறைச்சிருக்கேன்" என்றார்.

அடுத்த பதிப்பில் அட்டவணையை எடுத்துவிடச் சொல்லவில்லை, அதற்கு முன்னால் இந்தப் படத்தைப் போடுங்கள். பாடத்தின் முடிவில் ஒரு பரிசோதனைத் தாளை அச்சிட்டு, "இவருக்கு டிஎஸ்எச் 9.8. தைராக்சின் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? ஏன்?" என்று கேளுங்கள். அதற்கு ஐந்து மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
அட்டவணையை ஒப்பித்துத் தேறிய ஒரு பழைய மாணவி