என் பையைக் கேட்காதே, கண்ணு

ஃபோர்ட் காலின்ஸ்,
ஆகஸ்ட் 17

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ என் வேட்டைப் பையைக் கேட்டதும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு கராஜுக்குப் போய் அந்த முதுகுப்பையை ஆணியிலிருந்து இறக்கினேன். உள்ளே உன் அம்மா பத்து கிலோ வெங்காயத்தைக் கொட்டி வைத்திருக்கிறாள். வெங்காயத்துக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், அது பெரிதில்லை. ஆனால் பையை மாட்டிக்கொண்டு நின்றபோது, இதை உனக்குத் தரக்கூடாது என்று தோன்றிவிட்டது. போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் கூட வராமல் நீ போகும் முதல் வேட்டை இது. முழங்காலை மாற்றிக்கொண்டவனுக்கு மலை இனி ஜன்னலில் பார்க்கத்தான். அப்பா வராவிட்டாலும் அப்பாவின் பை வரட்டும் என்று நினைத்திருப்பாய். பாசம் சரி. ஆனால் அந்தப் பையின் சட்டகம் என் முதுகுக்கு வளைத்தது, 26 அங்குல உயரம். உனக்கு அது பிடரியைத் தாண்டி மேலே நின்று, நிமிர்ந்து மலைச்சரிவைப் பார்க்கவிடாமல் தலையின் பின்பக்கம் இடிக்கும். இடுப்புப் பட்டையோ என் தொப்பைக்கு வெட்டியது. கடைசிவரை இழுத்தாலும் உன் இடுப்பில் நிற்காது.

2004 அக்டோபரில் நான் இப்படித்தான் பொருந்தாத பை ஒன்றைச் சுமந்தேன். உனக்கு அப்போது ஏழு வயது. நடந்த கதையை நாங்கள் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாவும் நானும் இங்கே கொலராடோவில் ராவா வனப்பகுதிக்குள் நான்கு நாள் வேட்டைக்குப் போயிருந்தோம். என்னிடம் இருந்தது 75 லிட்டர் பயணப்பை. தூங்கும் பை, அடுப்பு, சட்டைத்துணி என்று 15 கிலோ வைத்து நடந்தபோது சொர்க்கம். மூன்றாம் நாள் மாலையில் தாத்தா எல்க் என்ற பெரிய மான் வகையில் ஓர் ஆணைச் சாய்த்தார். முந்நூறு கிலோ இருக்கும். பின்தொடை ஒன்றை எலும்போடு எடுத்தால் 25 முதல் 30 கிலோ. மொத்த எலும்பையும் நீக்கினாலும் ஒரு பெரிய எல்க்கில் 70 முதல் 100 கிலோ கறி தேறும். அதை விட்டுவிட்டு வரச் சட்டமும் இடம் தராது, மனசாட்சியும் இடம் தராது. எங்கள் லாரி நின்ற இடம் ஏழு கிலோமீட்டர் தள்ளி.

தொடையைத் துணிப்பையில் சுற்றி என் பைக்குள் இறக்கினோம். எழுந்து நின்ற கணமே உள்ளே இருந்த மெல்லிய அலுமினியக் கம்பி மடங்கிவிட்டது. கறி கல் இல்லை கண்ணு, அது நீர் நிறைந்த தோண்டி மாதிரி, அசையும், இறங்கும். பத்தடி நடப்பதற்குள் பையின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்து என்னைப் பின்னால் இழுத்தது. இழுவையைச் சமாளிக்க நான் முன்னால் குனிய, இடுப்புப் பட்டை நழுவித் தொடைக்கு வர, முழுக் கனமும் தோள் வார்களில் ஏறியது. பிட்டுக்கு மண் சுமந்த சொக்கநாதருக்கு முதுகில் ஒரே ஒரு பிரம்படிதான். எனக்கு ஒவ்வோர் அடிக்கும் ஓர் அடி. இரவு இரண்டு மணிக்கு லாரியை அடைந்தோம். தூங்கும் பை முழுக்க ரத்தம் ஊறியிருந்தது.

மறுநாள் காலை சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. வலது கையின் விரல்கள் என்னுடையவையாக இல்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, காறையெலும்பை ஒட்டி, கைக்குப் போகும் நரம்புக் கற்றை ஓடுகிறது. தோள் வாரில் பாரம் மணிக்கணக்காக அழுத்தினால் அது நசுங்கும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். படைவீரர்களுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் வருகிற கோளாறுதானாம். மூன்று வாரம் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். "அப்பா குழந்தை மாதிரி சாப்பிடுறாரு" என்று நீ மேஜையைத் தட்டிச் சிரித்தது நினைவிருக்கிறதா?

ஆகவே எந்தப் பையானாலும் முதலில் இடுப்பைப் பார். பாரத்தில் பெரும்பங்கு இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். தோளுக்கு வேலை பையை முதுகோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வது மட்டுமே. இது மனிதனுக்குப் புரிய எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி என்ற தச்சர், மலையில் நடக்கும்போது சட்டகத்தின் கீழ்முனைகளை கால்சட்டையின் பின்பைகளுக்குள் செருகிப் பார்த்தாராம், தோளின் கனம் சட்டென்று இறங்கியதாம். 1952இல் அவர் அலுமினியச் சட்டகப் பைகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். இன்று நீ கடையில் பார்க்கும் தடித்த இடுப்புப் பட்டைகளுக்கெல்லாம் அந்தக் கால்சட்டைப் பைதான் பாட்டன்.

இனி முதுகின் அளவு. கழுத்தைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு துருத்தும். அதிலிருந்து கீழே அளக்க வேண்டும். எதுவரை? இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொள், கட்டைவிரல்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு கைக்குத் தட்டும். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்க்கும் கோடு முதுகெலும்பை வெட்டும் இடம்வரை. எனக்கு 51 சென்டிமீட்டர். சென்ற பொங்கலுக்கு வந்தபோது அம்மா தையல் டேப்பால் உனக்கு ரவிக்கை அளவெடுத்தாளே, அப்போதே இதையும் எடுத்துவைத்தேன்: 43. உன் உயரத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பையை நீட்டும் கடைக்காரரை நம்பாதே. நெட்டையாக இருப்பவருக்குக் கால் மட்டும் நீளமாக இருக்கலாம்.

பட்டையின் நடுப்பகுதி அந்த எலும்பு விளிம்பின்மேல் சரியாகக் கவிய வேண்டும். வயிற்றிலும் வேண்டாம், தொடையிலும் வேண்டாம். முன்னால் பூட்டியபின் இரு பக்கத் திண்டுகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது, நான்கு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். ஐந்து நாள் மலையில் நீ இளைப்பாய், கோட்டைக் கழற்றுவாய், அப்போது இழுத்து இறுக்க இடம் வேண்டும். பெண்களுக்கென்று பட்டையைச் சற்றுச் சாய்வாக வெட்டித் தைக்கிறார்கள், இடுப்பின் வளைவுக்கு அது நன்றாகப் படியும். அதையும் போட்டுப் பார், ஆண்களுடையதையும் போட்டுப் பார், எது படிகிறதோ அதை எடு. கால்சட்டை பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பார், அதன் கொக்கி பட்டைக்கு அடியில் மாட்டினால் இரண்டாம் நாளே தோல் உரியும்.

தோள் வாரின் மேலே, காதுக்குப் பக்கத்தில், சட்டகத்தின் உச்சிக்கு ஓடும் ஒரு சின்ன வார் இருக்கும். லோட் லிஃப்டர் என்பார்கள். அது தோளிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து ஏற வேண்டும், பாதிச் செங்கோணம் அளவுக்கு. படுக்கையாகக் கிடந்தால் சட்டகம் உனக்குக் குட்டை, கனம் வந்ததும் பை பின்னால் சாயும். மார்பு வாரை மூச்சு முட்ட இறுக்காதே, ஒன்பதாயிரம் அடியில் மூச்சுக்கு ஏற்கெனவே பஞ்சம்.

வேட்டைப் பைக்கும் மலையேற்றப் பைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இனிமேல்தான். நல்ல வேட்டைப் பையில் சட்டகமும் பையும் தனித்தனி. வார்களைத் தளர்த்தினால் இரண்டும் விலகும், நடுவில் கறியை வைத்துக் கட்டலாம். கறி முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உயரமாக நிற்கும். உன் துணிமணி வெளியே, ரத்தம் படாமல். சின்ன வயதில் உன் அப்பாருவோடு ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போவேன். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் மேல்முதுகில் மூட்டையை ஏற்றி, ஒரு குலுக்குக் குலுக்கி உடம்போடு ஒட்டவைத்த பிறகுதான் முதல் அடி வைப்பார்கள். "ஒட்டாத மூட்டை ரெண்டு மூட்டைங்க" என்றார் அதில் ஒருவர். ராவா இரவில் எனக்கு அவர் நினைவுதான்.

கொள்ளளவு ஐந்து நாளுக்கு 80 முதல் 100 லிட்டர். பெரிதாக வாங்கினால் நிரப்பத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியும். பையின் சொந்த எடை மூன்று கிலோவை ஒட்டி இருந்தால் பரவாயில்லை. இதில் அரைக் கிலோ மிச்சம் பிடிக்கிறேன் என்று சட்டகத்தை மெலிதாக்கிக்கொள்ளாதே, அந்த அரைக் கிலோதான் 30 கிலோவைத் தாங்கப்போகிறது. விலை 500 முதல் 800 டாலர்வரை ஆகும். பாதியை நான் அனுப்புகிறேன். இலைதழைப் படம் போட்ட துணிக்குக் கூடுதல் காசு தராதே. நீ இருக்கும் மொன்டானாவில், மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படும்படி இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும் என்பது சட்டம். அதை மாட்டிக்கொண்டு பையில் மட்டும் ஒளிந்து என்ன ஆகப்போகிறது? பை உன் முதுகு ஆரஞ்சை மறைக்கும் என்பதை யோசி. பையின்மேலும் ஓர் ஆரஞ்சுத் துணியைக் கட்டு. பையின் துணியை நகத்தால் கீறிப் பார், "சர்ர்" என்று கத்தினால் எல்க்குக்கு நீ வருவதை அதுவே சொல்லிவிடும். ஜிப், உள்பை, கொக்கி எண்ணிக்கையெல்லாம் உன் விருப்பம்.

வாங்கியதும் டேக்கைக் கிழிக்காமல் ஒரு சோதனை செய். இந்தியக் கடையில் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை விற்கிறதே, அதில் மூன்று வாங்கு. மொத்தம் 27 கிலோ. டம்பெல்லை வைத்துப் பார்க்காதே, இரும்பு அசையாது. அரிசி கறியைப்போல இறங்கும், பையின் குணம் தெரிந்துவிடும். சட்டகத்துக்கும் பைக்கும் நடுவே வைத்துக் கட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் இரண்டு மணிநேரம் ஏறி இறங்கு. கடைக்குள் ஐந்து நிமிடம் நடந்தால் எல்லாப் பையும் நல்ல பைதான். முதல் மணிநேரத்தில் பட்டை நழுவினாலோ, விரல் மரத்தாலோ திருப்பிக் கொடுத்துவிடு, கூச்சப்படாதே. மிஸ்டரி ராஞ்ச், ஸ்டோன் கிளேசியர் இரண்டும் நீ இருக்கும் போஸ்மனில் பிறந்த பைகள். அந்த ஊரில் இருந்துகொண்டு இரண்டையும் மாட்டிப் பார்க்காமல் இணையத்தில் ஆர்டர் செய்தாய் என்று கேள்விப்பட்டால் எனக்குக் கோபம் வரும். அரிசியை வீணாக்காதே, சமைத்துச் சாப்பிடு.

கனத்தோடு தரையிலிருந்து எழுவது தனி வித்தை. பெருந்துறைக்குப் போகும் பழைய பாதையில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்ததைக் காட்டினேனே, பிள்ளைச்சுமையோடு இறந்துபோன யாரோ ஒரு பெண்ணின் நினைவுக்கு நட்டது. குனியாமல் பாரத்தை மாற்றிக்கொள்ளும் உயரம் அதற்கு. காட்டில் அந்த உயரத்தில் விழுந்து கிடக்கும் மரத்தையோ பாறையையோ தேடி அதன்மேல் பையை இறக்கு. கிடைக்காவிட்டால் பையைச் சரிவில் சாய்த்து, உட்கார்ந்து மாட்டி, ஒருக்களித்து மண்டியிட்டு, ஊன்றுகோலைப் பிடித்து எழு. எழுவதற்கு முன் துப்பாக்கியின் அறை காலியா என்று இரண்டு முறை பார்.

உன் பக்கத்தில் கிரிஸ்லி கரடி உண்டு, எங்கள் கொலராடோவில் கருங்கரடி மட்டும்தான். எனவே இதை என் அனுபவமாக இல்லாமல் கெஞ்சலாக எடுத்துக்கொள்: கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரே பைக்குள் போகக்கூடாது. எல்லா வாரையும் பூட்டிய நிலையில் ஒரே இழுப்பில் கைக்கு வரும்படி இடுப்புப் பட்டையில் அல்லது மார்பில் இருக்க வேண்டும். பட்டையில் அதற்கு இடமில்லாத பையை வாங்காதே. கொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் அதில் ஆரஞ்சு ரிப்பன் சுற்று, தூரத்தில் இன்னொரு வேட்டைக்காரர் நிஜ எல்க் என்று நினைத்துவிடக்கூடாது.

இன்னொன்று. நான் 30 கிலோ சுமந்தேன் என்பதற்காக நீயும் சுமக்க வேண்டியதில்லை. 20 கிலோவாகப் பிரித்து ஆறு நடை நட. குளிர் இருக்கும் வரையில் கறி கெடாது, நிழலில் மரத்தில் தொங்கட்டும், குடல் கிடக்கும் இடத்திலிருந்து நூறு கஜமாவது தள்ளி. நண்பர்கள் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எதையும் தூக்காதே. அந்த வீம்பு உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று உன் அம்மா அடிக்கடி சொல்கிறாள்.

பார்சலில் ஆறு இறைச்சித் துணிப்பை, பத்து மீட்டர் கயிறு, தாத்தா எனக்குக் கொடுத்த கத்தி ஆகிய மூன்றும் வருகின்றன. கத்தியை உனக்கே வைத்துக்கொள், அதற்கு முதுகு அளவு தேவையில்லை. எல்க் கிடைத்தால் ஒரு முன்தொடை எங்களுக்கு. பள்ளிபாளையம் வறுவலுக்குச் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் தயாராக இருக்கும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அரிசியை ஏற்றிக்கொண்டு பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. கோட்டைக் கழற்றிவிட்டு எடு, பட்டை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா