பழைய புத்தகம் விற்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். உன் பேராசிரியர் வீட்டார் அவருடைய அலமாரியை உன்னை நம்பி ஒப்படைத்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் 'மதிப்பு' என்று தனிப் பத்தி போட்டு, இணையத்தில் கண்ட விலைகளையெல்லாம் நிரப்பி வைத்திருக்கிறாய். அதெல்லாம் யாரோ கேட்கிற விலை. அந்த விலைக்கு ஆள் கிடைத்திருந்தால் புத்தகம் இன்னும் அங்கே கிடக்காது. ஏலப் பதிவுகளைத் தேடி, உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று பார். அதிலும் அந்தப் பிரதி இருந்த நிலையும் உன் கையில் உள்ளதும் ஒன்றா என்று கவனி.

வயதை வைத்து விலை போடாதே. 19ஆம் நூற்றாண்டுப் பிரசங்கத் தொகுப்புகள் எத்தனையோ கேட்பாரில்லாமல் கிடக்கின்றன. அதே நேரம், 1997இல் வந்த ஹாரி பாட்டர் முதல் நூலின் கெட்டி அட்டைப் பதிப்பில் முதல் அச்சு 500 பிரதிதான். அதில் 53ஆம் பக்கத்துச் சாமான் பட்டியலில் 'ஒரு மந்திரக்கோல்' என்பது தவறுதலாக இரண்டு முறை வரும். ஆளுக்கு ஆள் அந்த வரியைத்தான் முதலில் தேடுவார்கள். இன்னொரு வேடிக்கை: நூலக முத்திரை விழுந்த பிரதி என்றால் பொதுவாக விலை சரியும். இந்த 500இல் பெரும்பகுதி நூலகங்களுக்கே போனதால், முத்திரையோடு வந்தாலும் வாங்க ஆள் உண்டு.

முதல் அச்சா என்று பார்க்க, தலைப்புப் பக்கத்தின் பின்புறம் போ. நவீனப் புத்தகங்கள் பலவற்றில் 10 9 8 7 என்று ஒரு எண்வரிசை இருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்று சொல்வது. எல்லாப் பதிப்பகத்துக்கும் ஒரே வழக்கம் கிடையாது. ராண்டம் ஹவுஸ் நெடுங்காலம் 'முதல் பதிப்பு' என்ற சொல்லோடு 2இல் முடியும் வரிசையைப் போட்டு முதல் அச்சைக் காட்டியது. இது தெரியாமல் நல்ல சரக்கை இரண்டாம் அச்சு என்று தள்ளிவிட்டவர்கள் உண்டு.

பட்டியலில் மேலுறை, அதாவது கெட்டி அட்டைக்கு மேல் சுற்றியிருக்கும் காகித உறை, பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. 20ஆம் நூற்றாண்டு நாவல்களில் பாதி விலைக்கு மேல் அந்தக் காகிதத்தில்தான் இருக்கும். அந்தக் காலத்தில் வாங்கியவுடன் கழற்றி எறிந்த காகிதம் அது, அதனால்தான் இன்று கிடைப்பதில்லை. 1925இல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' முதல் பதிப்பு மேலுறையோடு போன விலையையும் அது இல்லாமல் போன விலையையும் பார்த்தால் நீயே நம்ப மாட்டாய். இப்போது நகல் மேலுறையும் அச்சடித்துப் போடுகிறார்கள். புத்தகத்தின் முதுகு வெளுத்திருக்க, மேலுறை மட்டும் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படு.

சந்தேகம் என்றதும் தாமஸ் வைஸ் ஞாபகம் வருகிறார். அவர் சாதாரண ஆள் இல்லை, நூற்பட்டியல் கலையில் பெரிய பெயர். ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் பிரவுனிங்கின் காதல் கவிதைகள் 1847இல் தனியாக அச்சானதாகச் சொல்லப்பட்ட சிறு பிரசுரம் அவர் வழியாகச் சேகரிப்பாளர்களிடம் போனது. 1934இல் ஜான் கார்ட்டர், கிரஹாம் போலார்டு என்ற இரண்டு புத்தக வியாபாரிகள் காகிதத்தைச் சோதித்தார்கள். அதில் இருந்த மரக்கூழ் வகை, அந்த 1847க்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் காகிதத்துக்குள் வந்தது. ஆக, அந்தப் பிரசுரம் போலி. கதை எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் காகிதத்தையும் ஒருமுறை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிடு.

அப்புறம் விவரக் குறிப்பு. 'நல்ல நிலை' என்று எழுதாதே. இந்தத் தொழிலில் அதற்குப் பொருள், அடிபட்ட பிரதி என்பதுதான். என்ன குறை என்று அப்படியே எழுது: பின்னட்டையில் ஈரக் கறை, 40ஆம் பக்கத்தில் கிழிசல், படத்தாள் ஒன்று இல்லை. படத்தாள்களை அந்தப் புத்தகத்தில் உள்ள படப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணாமல் எதையும் விற்காதே. கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டுவதும், பழைய தோல் கட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

விற்பனை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏலத்தில் விற்பவரிடம் கமிஷன் பிடிப்பார்கள், வாங்குபவர் தனியாகக் கட்டணம் கட்டுவார். செய்தியில் வருகிற தொகையில் பெரும்பாலும் அந்தக் கட்டணமும் சேர்ந்திருக்கும், கைக்கு வருவது குறைவு. வியாபாரி பாதியோ மூன்றில் ஒன்றோ தருவார். அதைக் கொள்ளை என்று நினைக்காதே, அவர் அதை வருஷக்கணக்கில் அடுக்கி வைத்திருக்க வேண்டியிருக்கும். விற்ற தொகையில் உனக்கு இவ்வளவு கமிஷன் என்று அந்த வீட்டாரிடம் எழுதி வாங்கிக்கொள். நல்லதை மட்டும் நீயே ஒரு தொகை கொடுத்து வாங்கிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. எது நல்லது என்று தெரிந்தவள் நீ, அவர்களுக்குத் தெரியாது.

கடைசி வரிசையில், 'பென்சில் கிறுக்கல், அழிக்க வேண்டும்' என்று ஒரு புத்தகத்துக்கு எதிரே எழுதியிருக்கிறாயே, அதைத் தொடாதே. எழுதியது யார் என்று தெரியும் வரை அது கிறுக்கல் இல்லை. அந்தப் பக்கங்களையும் முதல் வெற்றுத் தாளையும் படம் எடுத்து அனுப்பு. பேராசிரியரின் கையெழுத்து உள்ள வேறு காகிதம் ஏதாவது கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா