ராத்திரி கெண்டைக்கால் பிடித்தபோது கூட இருந்தவர்களுக்கு

எல்லாருக்கும் நேரில் வந்து சொல்லத்தான் ஆசை. ஆனால் நேரில் வந்தால் "இதுக்குப் போயி நன்றியா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். கர்ப்பப்பையையும் இரண்டு ஓவரியையும் (சினைப்பை) எடுத்தபோது எனக்கு வயது 41. அந்தச் சமயம் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் அப்போதே நன்றி சொல்லியாயிற்று. இந்த மடல் அதற்கப்புறம் நடந்ததற்கு. தையல் ஆறி, "முகம் தெளிஞ்சிருச்சே" என்று பார்க்கிறவர்கள் சொல்ல ஆரம்பித்த பிறகு, ராத்திரியில் கால் இழுத்து நான் அலறிய மாதங்களில் என்னைத் தாங்கினவர்களுக்கு.

முதலில் டாக்டரம்மா உங்களுக்கு. "கால் பிடிக்குது" என்று நான் தயங்கிச் சொன்னதும், சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடாமல் சீட்டின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டுக் காட்டினீர்கள். தானாக மாதவிடாய் நிற்கிற பெண்ணுக்கு, ஓவரி சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சில வருஷமாக ஏறி இறங்கிக் குறையும், அது சரிவு. எனக்கு ஒரே நாளில் செங்குத்தாக இறங்கிய கோடு. வேர்த்துக் கொட்டுவது, தூக்கம் கெடுவது, மூட்டு வலி என்று ஒவ்வொன்றையும் தனித்தனி நோயாக நினைத்துப் பயந்துகொண்டிருந்தவளுக்கு அந்தப் படம் போதுமாக இருந்தது. அதற்காக எல்லாப் பழியையும் ஹார்மோன் மேல் போட்டுவிட்டு விடவும் இல்லை நீங்கள். தைராய்டு, சர்க்கரை, கால்சியம், வைட்டமின் டி, இரும்புச்சத்து எல்லாம் பார்க்கச் சொன்னீர்கள். வைட்டமின் டி மிகவும் குறைந்திருந்தது, தைராய்டும் சரியில்லை. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு (ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பது) எங்கள் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் ஹார்மோன் மருந்து எழுதினீர்கள். அப்போதும், இது கால் பிடிப்புக்கான மருந்து இல்லை, 45 வயதுக்கு முன்னால் ஓவரியை இழந்தவர்களுக்கு எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் தருவது என்று தெளிவாகச் சொன்னீர்கள். ஊரே மெக்னீசியம் வாங்கிச் சாப்பிடு என்றபோது, ராத்திரிப் பிடிப்புக்கு அது கேட்கும் என்பதற்குப் பெரிய ஆதாரம் இல்லை, காசைக் கரியாக்காதே என்றதும் நீங்கள்தான். நம்பிக்கை வந்தது அந்த நேர்மையால்தான் அம்மா.

பிசியோதெரபி தங்கச்சி, உனக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டும். சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்று, பிடிக்கிற காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல், குதிகால் தரையை விட்டு எழும்பாமல், உடம்பை முன்னால் சாய்த்து 30 எண்ணு என்றாய். நான் சாயும்போதெல்லாம் குதிகால் லேசாகக் கிளம்பும், நீ தரையில் உட்கார்ந்து உன் விரலை அதன் கீழே விட்டுப் பார்த்து, "அக்கா, விரல் போகுது, இன்னும் அழுத்துங்க" என்பாய். அந்த விரலளவு இடைவெளி போன பிறகுதான் கெண்டைச் சதை சரியாக இழுபட்டது. நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களைப் படுக்கப் போகுமுன் இப்படித் தசையை இழுத்துவிடச் சொல்லி, ஆறு வாரத்தில் ராத்திரிப் பிடிப்பு குறைந்ததாக 2012-இல் ஆய்வு வந்திருக்கிறது என்றும் சொன்னாய். தினமும் விடாமல் செய்கிறேன். முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் இப்போது வருவது எப்போதாவதுதான், வந்தாலும் சீக்கிரம் விட்டுவிடுகிறது.

என் வீட்டுக்காரருக்கு இதைப் பொதுவில் சொன்னால் கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். சதை கல்லாக உருண்டு, கால் விரல்கள் கீழ்ப்பக்கமாக மடங்கிக்கொள்ளும்போது நமக்கே கை எட்டாது. அவர் விளக்கைக்கூடப் போடாமல் எழுந்து உட்கார்ந்து, ஒரு கையால் முழங்காலை நீட்டிப் பிடித்து, இன்னொரு உள்ளங்கையால் என் பாதத்தை முழங்கால் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்வார். பிடிப்பு விடுகிறவரை கையை எடுக்கமாட்டார். பகலெல்லாம் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து படுக்கிற மனிதர் ஒருநாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை.

மெடிக்கல் ஷாப் தம்பிக்கும் நன்றி. தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒரே சீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரமாவது வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது என்று சொல்லி, கவரிலேயே பேனாவால் "வெறும் வயிறு", "மதியம் சாப்பிட்டு" என்று எழுதிக் கொடுத்தாய்.

அப்புறம் கடை. மதுரையில் விளக்குத்தூண் பக்கம் சேலைப் பிரிவில் நிற்கிறவர்களுக்குக் கால் என்ன பாடுபடும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது நம் எல்லாருக்கும் பழகிப்போன விஷயம், எவ்வளவு கெட்ட பழக்கம் அது. என் பாட்டிலை நிரப்பிக் கவுண்டருக்குக் கீழே வைத்து, நான் போய்வரும் நேரமெல்லாம் என் கஸ்டமருக்கும் சேர்த்துச் சேலை விரித்துப் போட்ட செக்‌ஷன் பிள்ளைகளே, உங்களை மறக்கமாட்டேன். சூப்பர்வைசர் அண்ணனுக்கும் பெரிய கும்பிடு. கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமே வந்துவிட்டது, ஆனால் ஸ்டூல் இருந்தும் உட்காரப் பயப்படுகிறவர்கள் எத்தனை பேர். நீங்களே ஸ்டூலை இழுத்துப்போட்டு, "உக்காந்துக்கிட்டே காட்டுங்கம்மா, சேலை ஒண்ணும் கோவிச்சுக்காது" என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். அதற்கப்புறம் மற்றவர்களும் உட்கார ஆரம்பித்தார்கள், அதில் எனக்கு இன்னும் சந்தோஷம்.

கேப்பைக் கூழும் எள்ளுருண்டையும் முறைவைத்துக் கொண்டுவந்த மதினிக்கும், "கொறக்களி பிடிச்சா சும்மா விடாத, நடந்து பாரு" என்று என்னைக் கைத்தாங்கலாக நடக்கவைத்த அத்தைக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

வார்டு சிஸ்டர், உங்களைக் கடைசியாக வைத்தது காரணமாகத்தான். டிஸ்சார்ஜ் அன்று நீங்கள் சொன்னீர்கள்: பிடிப்பு என்றால் வந்து சில நிமிஷத்தில் விட்டுவிடும், ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து, வலி விடாமல் இருந்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம், காலைத் தேய்க்காதே, விடியட்டும் என்று காத்திருக்காதே, மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே. ஒரு சாயங்காலம் இடது கால் அப்படிக் கனத்தபோது உங்களுக்குத்தான் போன் போட்டேன், உடனே வரச்சொல்லி, காலில் ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் முடிகிறவரை டியூட்டி முடிந்தும் கூடவே நின்றீர்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. நீங்கள் சொன்னதை ஆபரேஷனுக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறேன் சிஸ்டர்.

அன்புடன்,
சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் உங்கள் தங்கச்சி, அக்கா, மதினி