பெயரோடு எண்ணையும் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போரில் இறந்த விமானப்படையினரைப் பற்றி, கேட்கும் குடும்பங்களுக்குத் தேடித் தருகிறேன். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடத்தில், கல்லறை தெரியாத 20,000-க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் இருக்கின்றன.

பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே பெயரில் பலர் வருவார்கள். படை எண், அதாவது படையில் ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட எண், இருந்தால் ஆள் உறுதியாகிவிடும். அப்புறம் அவர் இருந்த ஸ்குவாட்ரனின் (விமானப் பிரிவின்) நாட்குறிப்பு. புறப்பட்ட நேரம், உடன் சென்றவர்கள் பெயர், கடைசியில் 'திரும்பவில்லை'. லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானமென்றால் பொதுவாக ஏழு பேர்.

ஒரு பேத்தி, தாத்தாவோடு பறந்த மற்ற ஆறு பேரின் பெயர்களை வாசித்து அழுதார். "அவர் தனியாகப் போகவில்லை" என்றார்.

வாசகர்களே, பழைய தந்தி, பதக்கப் பெட்டி எதையும் தூக்கிப் போடாதீர்கள். அந்த எண் அதில் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்