ரீசெட் பாதியில் நின்ற மடிக்கணினி

அன்புள்ள குமரனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். அவளுக்குக் கொடுப்பதற்காகப் பழைய மடிக்கணினியின் விண்டோஸைப் புதிதாக்க ரீசெட் செய்யப்போய், அது 64 சதவீதத்திலேயே நிற்கிறது என்று எழுதியிருந்தாய். அப்பாவின் புகைப்படங்கள் வேறெங்கும் இல்லை என்ற வரிதான் எனக்குக் கவலையளிக்கிறது.

அந்தச் சதவீதக் கணக்கை நம்பாதே. ஒரே எண்ணில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திடீரென்று நகர்வது அதன் வழக்கம். ஹார்ட் டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் வேலை நடக்கிறது என்று பொருள். சார்ஜரைக் கழற்றாமல் இரவு முழுவதும் விட்டுவை. விளக்கு மணிக்கணக்கில் அணைந்தே கிடந்தாலோ, அசையாமல் எரிந்துகொண்டே இருந்தாலோ, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடு. டிஸ்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால் காத்திருக்கவே வேண்டாம். உடனே அணைத்து, தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுத்துவிடு.

மறுபடியும் ரீசெட் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றும், தயவுசெய்து வேண்டாம். இணையத்திலிருந்து இறக்காமல் செய்யும் ரீசெட், அதே டிஸ்கில் உள்ள கோப்புகளைக் கொண்டுதான் விண்டோஸைப் புதிதாகக் கட்டுகிறது. அந்தக் கோப்புகள் சிதைந்திருந்தாலோ டிஸ்கில் பழுதான இடங்கள் இருந்தாலோ, எத்தனை முறை செய்தாலும் அங்கேயேதான் முட்டிக்கொண்டு நிற்கும். டிஸ்கைச் சோதித்துப் பழுதுபார்க்கும் செக்டிஸ்க் நிரலை ஓட்டச் சொல்பவர்கள் இருப்பார்கள். பழுதான டிஸ்கை அது மேலும் வதைக்கும் என்பதால், படங்களை எடுக்கும்வரை அதைத் தொடாதே.

படங்களை எடுக்க, வேறு கணினியில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி, உன் மடிக்கணினியில் செருகி, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவை எஃப்12 போன்ற விசையால் திறந்து, பென்டிரைவைத் தேர்ந்தெடு. நிறுவாமல் 'முயன்று பார்' என்பதை மட்டும் தேர்ந்தெடு. படங்கள் யூசர்ஸ் ஃபோல்டரில் இல்லையென்றால் பதறாதே. ரீசெட் பாதியில் நின்றபோது அவை விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டருக்குள் போயிருக்கக்கூடும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கியிருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். பெரும்பாலும் அது உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் நகலெடுத்து, நாலைந்து படங்களையாவது திறந்து பார்த்துவிடு.

அதன்பின் உபுண்டுவிலேயே டிஸ்க்ஸ் என்ற செயலியில், டிஸ்கின் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார். ரீஅலொகேட்டட் செக்டர், அதாவது பழுதாகி மாற்றப்பட்ட இடங்களின் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால், அந்த டிஸ்கை நம்பிப் படிக்கிற பிள்ளையிடம் கொடுக்காதே. அதற்குப் பதிலாக, சுழலும் பாகமில்லாத டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போட்டுவிடு. 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் நிறுவலைத் தயாரித்துப் புதிதாகவே நிறுவு. விண்டோஸின் உரிம எண்ணான கீயைக் கேட்கும்போது 'என்னிடம் கீ இல்லை' என்று கொடு. முன்பு இருந்த ஹோம் அல்லது புரோ பதிப்பையே நிறுவினால், இணையம் கிடைத்ததும் பெரும்பாலும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், அந்த மடிக்கணினி 11-ஐ ஏற்குமா என்பதையும் பார்த்துக்கொள்.

ஸ்மார்ட் அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பு. எந்த எஸ்எஸ்டி பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்