லாரி உரிமையாளர் சங்க ஆண்டறிக்கை: எடைமேடையில் ஆள் போடும் எடையா, தானியங்கியா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா வசூலும் ஓட்டுநர்களுக்கான கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி அறிக்கை முழுவதும் நம் எடைமேடையைப் பற்றியது.

ஐப்பசி மழையில் உறுப்பினர் ஒருவரின் பத்துச் சக்கர வண்டி எம்-சாண்ட் ஏற்றிப் போனது. இறக்கிய இடத்தில் எடை குறைந்தது. வாடகையில் பணம் பிடித்தார்கள். ஓட்டுநர் வழியில் விற்றுவிட்டதாகப் பேச்சும் வந்தது. சங்கம் விசாரித்தபோது, ஏற்றிய இடத்தில் காலி வண்டியை எடை போடாமல் கோடையில் எழுதி வைத்த பழைய எடையையே கழித்திருந்தது தெரிந்தது. நனைந்த தார்ப்பாய், சக்கரத்துச் சேறு, நிறைந்த டேங்க் எல்லாம் மணல் கணக்கில் சேர்ந்துவிட்டன. 300 லிட்டர் டீசலே ஏறக்குறைய 250 கிலோ வரும். அந்த ஓட்டுநர்மீது ஒரு குற்றமும் இல்லை என்பதை இந்த அவையில் பதிவு செய்கிறேன்.

இதற்குப் பிறகுதான் முழுத் தானியங்கி முறை வேண்டுமென்று பலர் கேட்டார்கள். மேடைக்கு அடியில் பாரத்தை உணர்வது இரண்டு முறையிலும் அதே லோடு செல்தான். தானியங்கி வைத்தால் தராசு கூடுதலாகத் துல்லியமாகிவிடாது. வண்டி எண்ணைக் கேமரா படிக்கும், சக்கரம் மேடைக்கு வெளியே நின்றால் சென்சார் தடுக்கும், எடையைக் கையால் திருத்த வழியிருக்காது. இந்த மூன்றும் நமக்குக் கட்டாயம் வேண்டும். 2018 முதல் மூன்று அச்சு வண்டிக்கு, அதாவது பத்துச் சக்கர வண்டிக்கு, சரக்கோடு சேர்த்து மொத்த எடை வரம்பு 28.5 டன். மீறினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் வேறு. சீட்டில் எடை தவறினால் அடி விழுவது வண்டிக்காரருக்குத்தான்.

ஆனால் ஆளை எடுத்துவிட எனக்கு மனமில்லை. நமக்கு இரண்டு பருவமழை; இடி விழுந்து எடை காட்டும் இண்டிகேட்டர் போன அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று அடிக்கும்போது தார்ப்பாய் கட்டிய வண்டி மேடையில் நின்றால் எண் நிலைகொள்ளாது. மேடை இடுக்கில் ஜல்லி சிக்கினால் குனிந்து எடுக்கவும் ஒருவர் வேண்டும். நம் எடை போடுபவர் தினமும் காலையில் ஒரே வண்டியை இரு முனையிலும் நடுவிலும் நிறுத்தி எடை ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். அந்தப் பழக்கத்தை இழக்கக் கூடாது.

ஆகவே கேமரா, சென்சார், எடையைத் தானே பதிந்து சீட்டு அடிக்கும் கணினி ஆகியவற்றை வாங்கவும், வண்டியை மறிக்கும் தானியங்கித் தடுப்புக் கம்பத்தை இப்போதைக்கு வாங்காமல் விடவும், எடை போடுபவரை அதே சம்பளத்தில் வைத்துக்கொள்ளவும் நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு லோடுக்கும் காலி வண்டியைப் புதிதாக எடை போட வேண்டும். பழைய எடை செல்லாது. கருவிகள் பொருத்தியதும் தராசைச் சோதித்து முத்திரையிடும் முத்திரை ஆய்வாளரை அழைத்து மறுமுத்திரை பெற்ற பிறகே சீட்டு வழங்குவோம்.

இத்தீர்மானத்தை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்